காந்தாரிக்கு எவ்வளவு உப்பு?

(நெய்யாற்றின்கரையில் நடந்த நம் சபையின் குடும்ப சங்கமத்தில் மூத்த அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

காரியதரிசி என்னைப் பேசச் சொன்னபோது, ஓய்வு பெற்ற பாங்க் ஊழியன், வட்டிக் கணக்கைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் மிளகாயைப் பற்றிப் பேசுகிறேன் என்றதும், "மாமா, அதற்கு மகளிர் பிரிவில் ஆள் இருக்கிறார்களே!" என்று சிரித்தார். அவர் சொன்னது சரிதான். எழுபது வயது நெருங்கும் வரை அடுக்களைப் பக்கம் காபி வாங்கிக்கொள்ள மட்டுமே போனவன் நான். அதனால்தான் நான் பேச வேண்டும் என்று தோன்றியது. ஏன் என்பதை முடிவில் சொல்கிறேன்.

என் வீடு உதியன்குளங்கரைக்கு அருகில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவில் இருக்கிறது. இந்த எல்லைப்புறத்தில் வசிப்பவர்களுக்கு இரண்டு பாஷையும் ஒரே நாக்கில் வரும். 1956 நவம்பர் 1-ந் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. களியக்காவிளையில் கோடு விழுந்தது. ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கமும் மரச்சீனிக் கிழங்குதான், அந்தப் பக்கமும் மரச்சீனிக் கிழங்குதான். இரண்டு பக்கமும் அதற்குத் தொட்டுக்கொள்ள காந்தாரி மிளகாய்தான்.

என் ஆத்துக்காரி சுசீந்திரத்துப் பெண். 1976-ல் கல்யாணம். புக்ககம் வந்த முதல் வாரம் பாறசாலைக் கடையில் போய், "கால் கிலோ மிளகு கொடுங்கோ" என்றாள். ரசத்துக்கு. கடைக்காரர் வற்றல் மிளகாயைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். மலையாளத்தில் முளகு என்றால் மிளகாய். நாம் மிளகு என்று சொல்வது அவர்களுக்குக் குருமுளகு. அவள் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "உங்க ஊர்ல ரசத்துக்கே இவ்வளவு காரமா?" என்று என் அம்மாவிடம் கேட்டதை எங்கள் ஆத்தில் வெகு காலம் சொல்லிச் சிரித்தோம்.

அந்தக் குழப்பத்துக்குள்ளே ஒரு சரித்திரம் இருக்கிறது. மிளகு நம் மலைநாட்டுச் சொத்து. அதைத் தேடித்தான் 1498-ல் வாஸ்கோட காமா கோழிக்கோட்டுக்கு வந்தார். மிளகாயோ அமெரிக்கக் கண்டத்துச் செடி. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் வழியாக நம்மிடம் வந்தது. காரத்தில் மிளகைப் போல இருந்ததால் தமிழில் அதை மிளகு போன்ற காய் என்று மிளகாய் ஆக்கினோம். மலையாளத்தில் பழைய பெயரையே புதிய விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டு, பழையவருக்குக் குருமுளகு என்று வேறு பெயர் வைத்தார்கள். நம் ஆத்து சிராத்தச் சமையலில் மிளகாய் சேர்ப்பதில்லை, மிளகுதான். பிதுர்க்களுக்கு மிளகாய் தெரியாது என்று பெரியவர்கள் சொல்வது சரித்திரப்படியும் பொருந்தி வருகிறது.

காந்தாரி மிளகாயை இங்கே யாரும் விதைத்து நான் பார்த்ததில்லை. ரப்பர் தோட்ட ஓரத்தில், வேலிக்கடியில், கிணற்றடியில் தானே முளைக்கும். எல்லாம் பறவைகள் செய்யும் உபகாரம். மிளகாயின் எரிச்சலுக்குக் காரணமான கேப்சைசின் என்ற பொருள் நம் நாக்கையும் அணிலின் நாக்கையும் எரிக்கும். பறவைகளுக்கு அந்த எரிச்சல் தெரிவதே இல்லை. அவை பழத்தைத் தின்று விதையை முழுசாக வேறு இடத்தில் போட்டுவிடும். இந்த எரிச்சலை உணரும் வாசல் நம் நரம்பில் எது என்பதை 1997-ல் கண்டறிந்தவர் டேவிட் ஜூலியஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி. அதற்காக 2021-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

சுண்டு விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம், வானத்தைப் பார்த்து நிற்கும், பச்சையிலிருந்து சிவப்பாகப் பழுக்கும். வெள்ளைக் காந்தாரி என்று தந்த நிறத்தில் ஒன்றும் உண்டு. வெள்ளாயணிக் காயல் கரையில், கண் பார்வை இல்லாத ஜெர்மானியப் பெண்மணி சப்ரியே டென்பெர்கெனும் பால் க்ரோனென்பெர்க்கும் நடத்தும் பயிற்சி நிலையத்துக்குக்கூட 'காந்தாரி' என்றுதான் பெயர். ஆள் சிறிசு, வீரியம் பெரிசு என்ற அர்த்தத்தில்தான் இந்த மிளகாயின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். பாரதத்துக் காந்தாரி தானே கண்ணைக் கட்டிக்கொண்டாள். இந்தக் காந்தாரியைத் தொட்ட கையால் கண்ணைத் தொட்டால், நாம் கட்டிக்கொள்ள வேண்டி வரும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

என் ஆத்துக்காரி வருஷா வருஷம் பழுத்த காந்தாரியைக் கல் உப்போடு இடித்து ஒரு சின்னப் பரணியில் போட்டு வைப்பாள். வாயைத் துணியால் கட்டி, தினம் ஒருமுறை மரக்கரண்டியால் கிளறுவாள். இரண்டு மூன்று வாரம் கழித்து எலுமிச்சம்பழம் பிழிந்து, அரைத்து வடிகட்டி, பாட்டிலில் ஊற்றுவாள். வெங்காயம், பூண்டு ஒன்றும் கிடையாது. மோர் சாதத்துக்கு இரண்டு சொட்டு, தோசைக்கு அரை ஸ்பூன், மரச்சீனி வேகவைத்தால் இன்னும் கொஞ்சம். பெண்ணுக்கு டல்லாஸுக்குப் பெட்டியில் ஒரு பாட்டில் கட்டாயம் போகும். அங்கே என் பேரன் அதைப் பார்த்துவிட்டு, "தாத்தா, பாட்டி பண்றது ஹாட் சாஸ். எங்காத்து டபாஸ்கோ பாட்டில்லயும் மிளகாய், வினிகர், உப்பு மூணுதான் எழுதியிருக்கு" என்றான். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வந்ததைச் சாப்பிட்டேன், அவ்வளவுதான்.

2018 கார்த்திகையில் அவள் போய்ச் சேர்ந்தாள்.

கடைசிப் பாட்டில் ஆறு மாதம் வந்தது. ஆப்திகத்துக்குப் பெண் வருகிறாள் என்று தெரிந்ததும், அவளுக்காக நானே ஒரு பரணி போட்டு வைத்துவிடுவது என்று தீர்மானித்தேன். பரணி இருந்தது, காந்தாரி வேலியில் இருந்தது. இடித்தேன். உப்பு போடும் இடத்தில் கை நின்றது. எனக்கு ரத்த அழுத்தம் உண்டு. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார். ஆகவே கால் கிலோ மிளகாய்க்கு அரைத் தேக்கரண்டி போட்டேன். கழுவிய ஈரத்தையும் சரியாகத் துடைக்கவில்லை. தினம் கிளற வேண்டும் என்பதும் இரண்டு நாளில் மறந்து போயிற்று.

பத்து நாள் கழித்துத் திறந்தால் மேலே பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சை. மேலாகத்தானே இருக்கிறது என்று வழித்து எறிந்துவிட்டு, அடியில் இருந்ததை மோர் சாதத்தோடு சாப்பிட்டேன். இரண்டு நாள் வயிறு படுத்திய பாட்டை இந்தச் சபையில் வர்ணிக்க வேண்டாம். ஊரிலிருந்து பெண் வந்து இறங்கியபோது நான் கட்டிலில் கிடந்தேன். அவள் பரணியை எடுத்து முகர்ந்து பார்த்தாள். தென்னை மூட்டில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்து கேட்டாள்: "அப்பா, அம்மா எவ்வளவு உப்பு போடுவா?"

எனக்குத் தெரியவில்லை. நாற்பத்திரண்டு வருஷம் சாப்பிட்டிருக்கிறேன். பாங்கில் முப்பத்தைந்து வருஷம் ஊரார் பணத்தைப் பைசா பிசகாமல் எண்ணிக் கொடுத்தேன். என் ஆத்துப் பரணிக்கு எவ்வளவு உப்பு என்பதை ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. பெண்ணும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவள், "ஒரு பிடி போடுவேன்" என்றுதான் சொல்லியிருப்பாள். மறுநாள் ஆப்திகம். அவளுக்குப் பிடித்த காந்தாரிக்கு அன்று இலையிலும் இடமில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. களியக்காவிளையில் எல்லையை அடைத்தார்கள். சுசீந்திரத்திலிருந்து மச்சினன் வர முடியாது, பெண்ணுக்கு விமானம் இல்லை. வீட்டில் நான் ஒருவன். அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கத்து சேச்சியிடம் போய் நின்றேன். இருபது வருஷமாக என் ஆத்துக்காரியும் அவரும் வேலிக்கு மேலே மிளகாயும் மாங்காயும் கைமாற்றிக்கொண்டவர்கள். நடந்ததைச் சொன்னேன். சேச்சி சிரிக்கவில்லை. "ஸ்வாமி, உப்பு பேடிச்சால் முளகு சீஞ்ஞு போகும்" என்றார். உப்புக்குப் பயந்தால் மிளகாய் அழுகிவிடும் என்று அர்த்தம்.

அவர் கணக்கு, இரண்டு சிரட்டை மிளகாய்க்கு அரைப் பிடி கல் உப்பு. வீட்டில் தபால் நிறுக்க வாங்கி வைத்திருந்த சின்ன எலெக்ட்ரானிக் தராசு ஒன்று இருந்தது. அதை வேலிக்கல்லின் மேல் வைத்து அவர் மிளகாயை நிறுத்தேன். கால் கிலோவுக்கு ஒட்டி வந்தது. பிறகு அவர் அரைப் பிடி உப்பை மூன்று தடவை போடச் சொல்லி நிறுத்தேன். 19 கிராம், 22 கிராம், 20 கிராம். அறுபது வயதுக் கை அவ்வளவு சரியாக இருந்தது. பிறகு என் அரைப் பிடியை நிறுத்தேன். 34 கிராம்! அதே அரைப் பிடிதான், ஆனால் கை வேறு. 'ஒரு பிடி' என்று எழுதி வைத்த குறிப்பு, எழுதியவரின் கை இல்லாவிட்டால் பாதிக் குறிப்புதான்.

நூறு கிராம் மிளகாய்க்கு 8 கிராம் உப்பு என்று கணக்கு வந்தது. அதை வைத்துக்கொண்டு நாலைந்து தடவை செய்து பார்த்து, 6 கிராம் போதும் என்று வந்திருக்கிறேன். அதற்குக் கீழே நான் போவதில்லை. நம் ஊர் உஷ்ணத்துக்கு அது அவசியம்.

உப்பு என்ன செய்கிறது? இட்லி மாவு பொங்குவதும் பால் தயிராவதும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் என்ற நுண்ணுயிர்களால்தான். அதே இனம் மிளகாயின் தோலிலும் இருக்கிறது. அழுக வைக்கும் நுண்ணுயிர்களும் கூடவே இருக்கின்றன. தேவையான உப்பு இருந்தால் அழுக வைப்பவை அடங்கிவிடும், நல்லவை பிழைத்திருந்து புளிப்பை உண்டாக்கும். புளிப்பு ஏற ஏறக் கெட்டவற்றுக்கு இடமே இராது. உப்பு குறைந்தால் இரண்டும் சமமாகப் போட்டி போடும், நான் பட்ட பாடு படவேண்டியதுதான். உப்பு, காற்று படாமல் அமுக்கி வைப்பது, பொறுமை - இம்மூன்றையும் குறைக்கக் கூடாது.

பேரன் சொன்னதும் சரிதான். டபாஸ்கோ சாஸை 1868-ல் அமெரிக்காவில் லூயிஸியானா மாகாணத்து ஏவரி தீவில் எட்மண்ட் மெக்கில்ஹென்னி என்பவர் தொடங்கினார். அவரும் முன்பு பாங்கில் இருந்தவர் என்பது எனக்கு ஒரு சந்தோஷம்! பழுத்த மிளகாயை உப்போடு அரைத்து, ஓக் மரப்பீப்பாயில் மூன்று வருஷம் வரை வைத்து, வினிகர் சேர்த்து வடிகட்டுகிறார்கள். டபாஸ்கோ மிளகாயும் நம் காந்தாரியும் கேப்சிகம் ஃப்ரூட்டெசென்ஸ் என்ற ஒரே இனமாகத்தான் சொல்லப்படுகின்றன. அவர்கள் பீப்பாயில் செய்வதை என் ஆத்துக்காரி பரணியில் செய்தாள்.

இப்போது செய்முறை. மாமிகள் பலருக்கு இது தெரிந்ததாக இருக்கலாம். மாமாக்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ளவும்.

பழுத்த சிவப்புக் காந்தாரி 250 கிராம், கல் உப்பு 15 கிராம். மிளகாயைக் கழுவி, நிழலில் துணியில் பரப்பி, ஒரு நாள் முழுவதும் ஈரம் போக உலர்த்த வேண்டும். அழுகல், புழு இருந்தால் தயவு தாட்சண்யம் இல்லாமல் எறிந்துவிடுங்கள். காம்பு எடுக்கும்போது ரப்பர் கையுறை போட்டுக்கொள்வது நல்லது. உப்பையும் மிளகாயையும் மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டிக் கொரகொரப்பாக அடித்துக்கொள்ளவும். மூடியை உடனே திறந்து முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். நெடி அடங்கட்டும்.

காந்தாரியில் சாறு குறைவு. அதனால் 100 மில்லி தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, அதில் 6 கிராம் உப்பு கரைத்து, விழுதோடு சேர்க்க வேண்டும். வெந்நீரில் அலம்பி உலர்த்திய கண்ணாடி பாட்டிலில் முக்கால் பாகம் மட்டும் நிரப்பவும். மிச்ச இடம் பொங்குவதற்கு. விழுது தண்ணீருக்கு மேலே வராமல் அமுக்கி வைக்க வேண்டும். ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தை அதன் மேல் வைத்தால் போதும். மூடியை இறுக்கித் திருகக் கூடாது. உள்ளே வாயு உண்டாகும், இறுக்கினால் பாட்டில் வெடிக்கலாம்.

வெயில் படாத இடத்தில் வையுங்கள். மூன்றாம் நாள் வாக்கில் குமிழி வரும். தினம் உலர்ந்த கரண்டியால் ஒருமுறை கிளறி மறுபடி அமுக்கவும். இரண்டு வாரம் குறைந்தபட்சம், நான் மூன்று வாரம் வைக்கிறேன். நல்ல புளித்த ஊறுகாய் வாசனை வர வேண்டும். மேலே மெல்லிய வெள்ளை ஏடு மட்டும் படிந்தால் எடுத்துவிடலாம், அதனால் கெடுதல் இல்லை. ஆனால் பஞ்சு போலவோ, பச்சை, கறுப்பு, சிவப்பு நிறத்திலோ படிந்தால், அல்லது அழுகல் நாற்றம் வந்தால், முழுப் பாட்டிலையும் கொட்டிவிடுங்கள். பூஞ்சையின் வேர் கண்ணுக்குத் தெரியாமல் அடிவரை போகும். வழித்துவிட்டுச் சாப்பிடுவது எவ்வளவு புத்திசாலித்தனம் என்பதற்கு உங்கள் முன்னால் நிற்கும் நானே சாட்சி.

ஊறியதும் 100 மில்லி எலுமிச்சைச் சாறோ, இங்கே வினாகிரி என்று சொல்லும் வினிகரோ சேர்த்து நைஸாக அரைத்து, வடிகட்டியில் அழுத்தி வடிகட்டவும். எங்கள் ஆத்தில் எலுமிச்சைதான் வழக்கம். வடிகட்டியதை எவர்சில்வர் பாத்திரத்தில் ஐந்து நிமிஷம் நிதானமாகக் கொதிக்க விடவும். அலுமினியப் பாத்திரம் புளிப்புக்கு ஆகாது. ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் தெருவே தும்மும். சூட்டோடு, கொதிநீரில் அலம்பி உலர்த்திய சின்னப் பாட்டில்களில் ஊற்றி, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைக்கவும். மூன்று நாலு மாதம் தாராளமாக வரும். வடிகட்டிய சக்கையை வெயிலில் காய வைத்துப் பொடித்தால் மோருக்கு ஒரு சிட்டிகை போடலாம்.

ஒரு வார்த்தை, புளிப்பின் அளவைப் பற்றி. போட்யூலிசம் என்ற கொடிய உணவு விஷத்தை உண்டாக்கும் கிருமி, பி.எச். அளவு 4.6-க்குக் கீழே இருந்தால் வளராது. எலுமிச்சையின் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும். அதனால் பி.எச். காகிதம் வாங்கி வைத்துக்கொண்டு, 4 அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்த பிறகே பாட்டிலில் ஊற்றுகிறேன். வெளியே இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்புபவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். இதே காரணத்தால், பச்சைப் பூண்டையோ மிளகாயையோ புளிப்பு சேர்க்காமல் எண்ணெயில் முக்கி வெளியே நாள் கணக்கில் வைக்கக் கூடாது. எண்ணெய் காற்றைத் தடுக்கிறது, அந்தக் கிருமிக்கு வேண்டியதும் காற்றில்லாத இடம்தான்.

கை எரிந்தால் வெறும் தண்ணீர் பிரயோஜனப்படாது. கேப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்புப் போட்டு அலம்புங்கள். வாய் எரிந்தால் பால் அல்லது தயிர். காரம் அதிகமானால் விதையை எடுப்பார்கள். ஆனால் காரம் இருப்பது விதையில் இல்லை, விதை ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை நரம்பில்தான்.

இனி என்னைப் போன்ற ரத்த அழுத்தக்காரர்களுக்கு. நான் செய்த தப்பு, உப்பைத் தவறான இடத்தில் குறைத்தது. பரணியில் குறைக்கக் கூடாது, இலையில் குறைக்க வேண்டும். மேலே சொன்ன கணக்கில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் சாஸில், உப்பு சுமார் கால் கிராம் இருக்கும். ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குக் கீழே உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காரம் இருக்கிறதே என்று மோரில் உப்பைக் குறைத்துக்கொண்டால் கணக்கு சரியாகிவிடும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். காந்தாரி தின்றால் கொலஸ்ட்ரால் கரைந்துவிடும் என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. தினம் நாலு காந்தாரியை மோரில் போட்டுக் குடித்துவிட்டு மாத்திரையை நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். என் டாக்டரைக் கேட்டேன். "மாமா, காந்தாரி தொட்டுக்கொள்ள நல்லது. மாத்திரைக்குப் பதில் ஆகாது" என்றார். வயிற்றுப் புண் இருப்பவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

விற்பனை செய்யலாமா என்று ஒரு மாமி முன்பே கேட்டார். செய்யலாம். ஆனால் 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டில் செய்து விற்பதற்கும் பதிவு வேண்டும். பாட்டிலில் தேதியும் சாமான்களின் பெயரும் எழுதி ஒட்ட வேண்டும்.

2022-ல் என் பெண் வந்தபோது, நான் செய்த பாட்டிலைத் திறந்து மோர் சாதத்தில் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டாள். சாப்பிட்டாள். "நன்னா இருக்குப்பா" என்றாள். கொஞ்சம் நேரம் கழித்து, "அம்மாது இல்லை. ஆனா நன்னா இருக்கு" என்றாள். அது சேச்சியின் உப்பு, என் தராசு. அவள் அம்மாவின் அளவு அவள் அம்மாவோடு போய்விட்டது. பெண் ஊருக்குக் கிளம்பும்போது ஒரு காகிதத்தில் 250, 15, 100, 6, 100 என்று ஐந்து எண்களை எழுதிக் கொடுத்தேன். டல்லாஸில் அவளும் பேரனும் அந்த ஊர் மிளகாயை வைத்து அதே அளவில் போடுகிறார்கள். பேரன் பாட்டிலின் மேல் 'பாட்டி சாஸ்' என்று எழுதி ஒட்டியிருக்கிறான்.

இதைத்தான் கேட்டுக்கொள்ள வந்தேன். நம் சபையில் எழுபது, எண்பது வயது மாமிகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு வடுமாங்காய், ஒரு நார்த்தங்காய், ஒரு கொண்டாட்டம் இருக்கிறது. எதற்கும் அளவு கிடையாது. 'ஒரு பிடி', 'கண் திட்டம்', 'கொஞ்சம்' என்பார்கள். மாமாக்களே, பிள்ளைகளே! ஒரு சின்னத் தராசு வாங்குங்கள். அடுத்த தடவை ஆத்தில் ஊறுகாய் போடும்போது, அவர்கள் பிடியை பாத்திரத்தில் போடுமுன் தராசில் வாங்கி, எழுதி வையுங்கள். அவர்கள் சிரிப்பார்கள். "இதுக்கெல்லாமா தராசு?" என்பார்கள். பரவாயில்லை. எழுதியதை நம் பத்திரிகைக்கு அனுப்பினால் இதழுக்கு ஒன்றாகப் போடுவதாகக் காரியதரிசி சம்மதித்திருக்கிறார்.

என் ஆத்துக்காரியின் பிடியில் எவ்வளவு உப்பு என்பது இனி எனக்குத் தெரியப்போவதில்லை. உங்களுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது.

 வெளியே மேஜையில் இரண்டு பாட்டில் வைத்திருக்கிறேன். பகல் சாப்பாட்டில் மோர் சாதத்துக்கு இரண்டே சொட்டு. மூன்றாவது சொட்டுக்கு நான் பொறுப்பில்லை.